வாக்ஸா, செராமிக்கா, பி.பி.எஃப்-பா?
கார் பெயின்ட்டுக்கு எந்தக் கவசம் சரி?

புது கார் டெலிவரி எடுக்கப் போகும் நாளில் ஷோரூமில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். “சார், டெஃப்லான் போட்டுடலாமா, செராமிக் போகலாமா? இன்னைக்கே சொன்னீங்கன்னா ஆஃபர் இருக்கு.” இன்ஷூரன்ஸ், மேட், சீட் கவர் என்று பில் ஏற்கெனவே நீண்டிருக்கும். பூஜைக்கு எலுமிச்சம்பழத்தோடு வீட்டார் வாசலில் காத்திருப்பார்கள். அந்த அவசரத்தில் “சரி, போட்டுடுங்க” என்று தலையாட்டிவிடுகிறோம். ‘எதிலிருந்து காப்பாற்ற இந்தப் பூச்சு?’ என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியதே அதுதான். காரணம், பெயின்ட்டைக் கெடுப்பவை பல. எல்லாவற்றையும் தடுக்கும் ஒரே பூச்சு சந்தையில் இல்லை.

தலைமுடியைவிட மெல்லியது

தொழிற்சாலையில் கார் மீது நான்கு அடுக்குகள் ஏறுகின்றன. துருவைத் தடுக்க எலெக்ட்ரோ கோட், அதன்மேல் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமற்ற க்ளியர் கோட். நான்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். இதில் க்ளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இதைவிட அதிகம்.

காரின் பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பதாகச் சொல்லும்போது நடப்பது என்ன? கீறலின் ஆழம் வரை க்ளியர் கோட்டையே சீவுகிறார்கள். வருடா வருடம் ரப்பிங் செய்தால் ஒருநாள் சீவுவதற்கு எதுவும் மிஞ்சாது. தேய்ந்ததை எந்த வாக்ஸாலும், கோட்டிங்காலும் திருப்பித் தர முடியாது.

யார் எதிரி?

வெயில் முதல் எதிரி. புற ஊதாக் கதிர்கள் பட்டுப்பட்டு ரூஃபும் பானெட்டும் முதலில் மங்கும், பிறகு தோல் உரிவதுபோல க்ளியர் கோட் உரியும். அடுத்தது பறவை எச்சம். அதில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறிய பெயின்ட்டில் காய்ந்து ஒட்டினால், துடைத்த பிறகும் தடம் நிற்கும். மூன்றாவது, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். நாளாக ஆக அவை இறுகிவிடும். நான்காவது, நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லி.

ஐந்தாவது எதிரி நம் பார்க்கிங்கிலேயே இருக்கிறது. விடிகாலையில் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட்டில் நின்று பாருங்கள். ஒரே பக்கெட், ஒரே துணி, வரிசையாகப் பல கார்கள். ஒரு காரின் வீலைத் துடைத்த துணி, அரைகுறையாக அலசப்பட்டு அடுத்த காரின் பானெட்டில் ஏறும். நேரமில்லாத நாளில் உலர்ந்த துணியாலேயே தூசி தட்டப்படும். தூசியில் இருப்பது மணல். அதே காரை, அதுவும் கறுப்புக் காரை, இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் மின்னும். டீடெய்லிங் கடைகளில் இதை ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் நாம் கொடுத்தது அந்தத் துணிதான்.

எது எதைத் தடுக்கும்?

வாக்ஸ்: நல்ல வாக்ஸ்களில் கலப்பது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுப்பது. பளபளப்பு அருமையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால், நம் வெயிலுக்கு ஓரிரு மாதங்கள் தாங்கினால் அதிகம்.

சீலன்ட்: செயற்கை பாலிமர். வாக்ஸைவிடச் சில மாதங்கள் கூடுதலாக நிற்கும். வீட்டிலேயே பூசலாம். ஷோரூமில் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று விற்பதும் நடைமுறையில் ஏறக்குறைய இந்த வகைதான். தோசைக்கல்லில் டெஃப்லானை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதிக்கிறார்கள். காரை அப்படிச் சுட முடியாது.

செராமிக்: சிலிக்கா சார்ந்த திரவம், பெயின்ட்டோடு பிணைந்து இறுகும். தடிமன் ஓரிரு மைக்ரான். தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு எளிதில் ஒட்டாது, எச்சத்தைத் துடைக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். ஜல்லியை அது தடுக்காது. உப்புத் தண்ணீர்ப் புள்ளியும் படியத்தான் செய்யும். ‘9ஹெச் கடினம்’ என்ற விளம்பரத்தில் வரும் 9ஹெச், பென்சில் சோதனையின் அளவு. அந்தப் பென்சிலால் கோடு போட்டால் கீறாது என்பதே பொருள். மணல் பென்சிலைவிடக் கடினமானது.

பி.பி.எஃப்: பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க 3எம் உருவாக்கிய பாலியூரித்தேன் ஃபிலிமின் வழிவந்தது. தடிமன் 150 முதல் 200 மைக்ரான், அதாவது மொத்த பெயின்ட்டையும்விட அதிகம். ஜல்லியின் அடியைப் பெருமளவு வாங்கிக்கொள்வது இது ஒன்றுதான். தரமான ஃபிலிமில் விழும் மெல்லிய கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும், பெரிய கார் என்றால் தாண்டும். விலை குறைவு என்று பி.வி.சி. ஃபிலிமை ஒட்டினால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

உங்களுக்கு எது?

மூடிய பார்க்கிங், ஊருக்குள் மட்டும் ஓட்டம், மூன்று நான்கு வருடத்தில் விற்கும் எண்ணம் என்றால் சீலன்ட் போதும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்ளுங்கள். வெட்டவெளியில், மரத்தடியில் நிற்கும் கார், ஏழெட்டு வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் செராமிக்குக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. வாரா வாரம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பம்பர், பானெட், முன் ஃபெண்டர், கண்ணாடிகளுக்கு மட்டும் பி.பி.எஃப். ஒட்டி, மற்ற இடங்களைச் செராமிக்குக்கு விடலாம். பழைய காருக்கு முதல் வேலை, பாலிஷ் தாங்குமா என்று தெரிய கேஜ் வைத்து பெயின்ட் தடிமனை அளக்கச் சொல்வது. ஸ்வர்ல் மார்க்கை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால், கீறல்களுக்கும் சேர்த்து மெருகு போட்டதாகிவிடும்.

பணம் கட்டும் முன்...

* ‘ஐந்து வருட வாரன்டி’ அட்டையில் கட்டாயப் பராமரிப்பு சர்வீஸ் எத்தனை, அதற்குத் தனிக் கட்டணமா என்று படியுங்கள்.
* பி.பி.எஃப். ஃபிலிமைக் காரின் மேல் வைத்து பிளேடால் வெட்டுகிறார்களா, முன்கூட்டியே மெஷினில் வெட்டி எடுத்து வருகிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவதே பாதுகாப்பு.
* ரீபெயின்ட் செய்த பாகம் இருந்தால் சொல்லிவிடுங்கள். பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரலாம்.
* கலர் ஃபிலிம் ஒட்டி நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.
* மேல்பூச்சு எதுவும் அடிப்பாகத் துருவைத் தடுக்காது. அதற்கு அண்டர்பாடி கோட்டிங் தனி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய துணியும் ஒற்றை பக்கெட்டும் தொடர்ந்தால் அத்தனையும் வீண். இரண்டு பக்கெட், கார் ஷாம்பு, நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் நாலைந்து வாங்கி, கார் துடைக்க வருபவரிடம் இன்றே கொடுங்கள். தூசி தட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கோட்டிங்கைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.