டிராக்டர் பாகம் செய்யும் ஊரிலிருந்து ஒரு டீம்... பேயர்ன் மியூனிக்கையே சாய்த்த பாட்டே போரிசோவின் கதை!

2012 அக்டோபர் 2. பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் சாம்பியன்ஸ் லீக் போட்டி. ஒரு பக்கம் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக். நொயர், லாம், முல்லர், ரிபெரி என நட்சத்திரப் பட்டாளம். அந்த சீசனில் அதுவரை ஒரு தோல்விகூட இல்லை. எதிர்ப்பக்கம் பாட்டே போரிசோவ். பெலாரஸுக்கு வெளியே அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்களே குறைவு.

'எத்தனை கோல் வாங்கப் போகிறார்களோ' என்ற கவலையோடுதான் பலரும் டி.வி முன் உட்கார்ந்தார்கள். ஆனால், 23-வது நிமிடத்தில் பாவ்லோவ் கோல் அடித்தார். 78-வது நிமிடத்தில் ரொடியோனோவ் இன்னொன்று. கடைசி நேரத்தில் ரிபெரி ஒரு கோலைத் திருப்பிக் கொடுக்க, ஸ்டேடியமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூடுதல் நேரத்தில் பிரெஸ்ஸன் மூன்றாவது கோலையும் போட்டு முடித்து வைத்தார். 3-1!

அந்த சீசனின் முடிவில் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது இதே பேயர்ன்தான். அப்படிப்பட்ட அணியைக் கவிழ்த்தவர்கள் வந்த ஊர், கார்களுக்கும் டிராக்டர்களுக்கும் மின்சாதனப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை ஊர்!

பெயரே ஆலையின் பெயர்!

மின்ஸ்கிலிருந்து வடகிழக்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், பெரெசினா ஆற்றங்கரையில் இருக்கிறது போரிசோவ். மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம். வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊருக்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1812-ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படை, இதன் அருகேதான் ஆற்றைக் கடக்க முயன்று ஆயிரக்கணக்கில் மாண்டுபோனது. 'பெரெசினா' என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றைக்கும் 'பேரழிவு' என்றுதான் பொருள்.

சோவியத் காலத்தில் ஊரின் அடையாளம், வாகன மின்சாதன ஆலை. 'போரிசோவ் ஆட்டோ, டிராக்டர் மின்சாதன ஆலை' என்ற நீளமான ரஷ்யப் பெயரின் சுருக்கம்தான் 'பாட்டே'. 1973-ல் அந்த ஆலையின் பெயரிலேயே ஓர் அணி உருவானது. ஆலை டீம்தானே என்று யாரும் அலட்சியமாக நினைக்க முடியவில்லை. 1974, 1976, 1979 என மூன்று முறை பெலாரஸ் சோவியத் குடியரசின் சாம்பியன் பட்டத்தை வென்றது.

ஆனாலும், அது மாநில அளவிலான வெற்றி போலத்தான். சோவியத் யூனியனின் மேல்தட்டு லீகில் பெலாரஸின் முகமாக இருந்தது டினாமோ மின்ஸ்க். 1982-ல் சோவியத் சாம்பியன் பட்டத்தையே வென்ற அணி அது. அந்த வெளிச்சத்தில் போரிசோவ் கண்ணில் படவே இல்லை. எண்பதுகளில் பாட்டே அணி சத்தமில்லாமல் கலைக்கப்பட்டது.

மறுபடி முளைத்த கதை!

1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. ஆலைகள் தடுமாறின. சம்பளத்துக்கே திண்டாட்டம் என்ற காலம். அப்படிப்பட்ட நேரத்தில், 1996-ல் கலைந்துபோன டீமுக்கு மறுபடி உயிர் கொடுக்க ஒருவர் முன்வந்தார். அவர் பெயர் அனடோலி காப்ஸ்கி. கிளப்பின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், பின்னாளில் ஆலையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். கோச்சாக யூரி புந்துஸ் வந்தார்.

ஆரம்பம் அடிமட்டத்திலிருந்து. 1996-ல் மூன்றாம் நிலை லீகில் முதலிடம். 1997-ல் இரண்டாம் நிலை லீகில் முதலிடம். 1998-ல் முதன்மை லீகில் காலடி வைத்த முதல் வருடமே இரண்டாம் இடம். 1999-ல் நாட்டின் சாம்பியன்! மூன்றே வருடங்களில் கீழ்ப்படியிலிருந்து உச்சிக்குப் போய்விட்டது ஓர் ஆலை டீம்.

1999-ல் பட்டம் வென்ற அந்த அணியில் 18 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் அலெக்சாண்டர் ஹ்லெப். 2000-ல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் கிளப் அவரை அள்ளிக்கொண்டு போனது. அங்கிருந்து 2005-ல் ஆர்சனல், 2008-ல் பார்சிலோனா என உயரே போய்க்கொண்டே இருந்தார். அதே ஹ்லெப், 2012-ல் பாட்டேவுக்கே திரும்பி வந்தார். பேயர்னைச் சாய்த்த அன்று மைதானத்தில் அவரும் இருந்தார்.

31 வயது கோச்!

2006-ல் தொடங்கியது பாட்டேவின் பொற்காலம். அந்த வருடம் தொடங்கி 2018 வரை, தொடர்ந்து 13 லீக் பட்டங்கள்! ஓர் ஆண்டுகூட விட்டுக்கொடுக்கவில்லை. 1999, 2002 பட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் 15.

இதில் பெரிய திருப்பம் 2008. அப்போது கோச்சாக இருந்தவர் விக்டர் கோன்சரென்கோ. பாட்டேவுக்காகவே விளையாடியவர். முழங்கால் காயத்தால் 25 வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டிய நிலை. அவருடைய பயிற்சியில் தகுதிச் சுற்றுகளில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட், பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோபியா அணிகளை வீழ்த்தி, சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குள் நுழைந்தது பாட்டே. பெலாரஸ் கிளப் ஒன்று அந்த மேடையை எட்டியது அதுதான் முதல் முறை. கோன்சரென்கோவுக்கு அப்போது வயது 31!

குரூப்பில் யார் யார்? ரியல் மாட்ரிட், யுவென்டஸ், ஜெனித். மின்ஸ்கில் நடந்த போட்டியில் யுவென்டஸுக்கு எதிராக முதல் அரை மணி நேரத்துக்குள் 2-0 என முன்னிலை பெற்று மிரட்டியது பாட்டே. கடைசியில் 2-2 சமன். பிறகு இத்தாலிக்கே போய் 0-0 என்று மல்லுக்கட்டித் திரும்பியது. ஒரு வெற்றிகூட இல்லை, மூன்று சமன். ஆனாலும், போரிசோவ் என்று ஓர் ஊர் இருப்பது ஐரோப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் போட்டிகளை போரிசோவில் நடத்த முடியவில்லை. சொந்த ஊர் ஸ்டேடியம் சில ஆயிரம் பேருக்கு மட்டுமே இடமுள்ள சின்ன மைதானம். அதனால்தான் யுவென்டஸ் போட்டியும், நான்கு வருடம் கழித்து பேயர்ன் போட்டியும் மின்ஸ்கில் நடந்தன. ரியல் மாட்ரிட் வந்தாலும் வேறு ஊரில் போய்ப் பார்க்க வேண்டிய நிலை உள்ளூர் ரசிகர்களுக்கு!

பைன் மரங்களுக்கு நடுவே ஓர் அரங்கம்

அந்தக் குறை 2014-ல் தீர்ந்தது. ஊரின் பைன் காட்டுக்கு நடுவே 'போரிசோவ் அரீனா' திறக்கப்பட்டது. சுமார் 13,000 இருக்கைகள். ஸ்லோவேனியாவின் ஓஃபிஸ் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த இந்த அரங்கம், வட்ட வட்டத் துளைகள் போட்ட வெள்ளி நிறக் கூடு போல இருக்கும்.

புது வீட்டில் ஒரு கசப்பான அனுபவமும் சீக்கிரமே வந்தது. 2014 அக்டோபரில் உக்ரைனின் ஷாக்தார் டொனெட்ஸ்க் வந்து 7-0 என நொறுக்கிவிட்டுப் போனது. லூயிஸ் அட்ரியானோ மட்டும் ஐந்து கோல்! அந்த குரூப் சுற்றின் ஆறு போட்டிகளில் பாட்டே வாங்கிய கோல்கள் 24, அடித்தவை 2.

வேறு அணியாக இருந்தால் துவண்டிருக்கும். அடுத்த வருடமே, 2015 செப்டம்பரில் அதே அரங்கத்துக்கு இத்தாலியின் ரோமா வந்தது. முதல் அரை மணி நேரத்தில் ஸ்டாசெவிச் ஒன்று, ம்லாடெனோவிச் இரண்டு. 3-0! ரோமா இரண்டு கோல்களைத் திருப்பியும் பலனில்லை. 3-2 என சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னால் ஜெயித்தது பாட்டே.

இத்தனைக்கும் பின்னால் ஒரு கணக்கு உண்டு. சாம்பியன்ஸ் லீகில் நுழையும் அணிக்கு ஐரோப்பியக் கால்பந்து சங்கம் தரும் தொகை, பெலாரஸ் கிளப்புகளுக்கு மிகப்பெரிய பணம். அதை வைத்து நாட்டின் நல்ல வீரர்களை எடுக்கலாம். அவர்களை வைத்து மறுபடி லீகை வெல்லலாம். மறுபடி ஐரோப்பாவுக்குப் போகலாம். இந்தச் சக்கரம் நிற்காமல் சுழல்வதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் காப்ஸ்கி.

தலைவர் போன பிறகு...

2018 செப்டம்பர் 22. காப்ஸ்கி காலமானார். அந்த சீசனின் பட்டத்தை வென்றுதான் அணி அவரை வழியனுப்பியது. தொடர்ச்சியாக 13-வது பட்டம். அதுதான் இதுவரை கடைசி லீக் பட்டமும்கூட.

சில மாதங்களில் இன்னொரு பெரிய இரவு வந்தது. 2019 பிப்ரவரி 14, யூரோப்பா லீகில் ஆர்சனல் போரிசோவுக்கு வந்தது. பெலாரஸில் குளிர்காலத்தில் லீக் போட்டிகள் கிடையாது. பனிக்காலம் முடிந்துதான் சீசன் தொடங்கும். போட்டி அனுபவமே இல்லாமல் இரண்டு மாதம் ஓய்விலிருந்து இறங்கிய பாட்டே, டிராகுன் அடித்த கோலால் 1-0 என ஜெயித்தது. ஒரு வாரம் கழித்து லண்டனில் 3-0 எனத் தோற்று வெளியேறியது.

அதே 2019-ல் லீக் பட்டத்தை டினாமோ பிரெஸ்ட் பறித்தது. முந்தைய வருடம்தான் டியாகோ மாரடோனாவைத் தன் கிளப் தலைவராக அறிவித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த அணி அது. பணமும் புகழும் கொட்டிய போட்டியாளர்கள் முளைத்தபோது, போரிசோவில் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்த தலைவர் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமே முடங்கியது. ஐரோப்பாவில் பெலாரஸ் லீக் மட்டும் நிற்கவில்லை. வேறு ஆட்டமே இல்லாததால் ரஷ்யா, இஸ்ரேல், இந்தியா வரை அந்தப் போட்டிகளின் ஒளிபரப்பு போனது. உலகமே பார்க்கத் தொடங்கிய அந்த சீசனின் முதல் போட்டியிலேயே, எனெர்கெடிக் அணியிடம் 3-1 எனத் தோற்றது பாட்டே. உள்நாட்டுக் கோப்பையை 2020, 2021-ல் வென்றது ஆறுதல். லீக் பட்டம் மட்டும் கைக்குத் திரும்பவில்லை.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் இன்னோர் அடி விழுந்தது. பெலாரஸ் அணிகள் ஐரோப்பியப் போட்டிகளைச் சொந்த நாட்டில் நடத்தக் கூடாது, வேறு நாட்டில், ரசிகர்கள் இல்லாமல்தான் ஆட வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து சங்கம் உத்தரவிட்டது. நெடுநாள் காத்திருந்து கட்டிய அரங்கத்தில், ரோமாவும் ஆர்சனலும் தோற்றுப்போன அந்தப் புல்தரையில், இப்போது உள்நாட்டுப் போட்டிகள் மட்டுமே நடக்கின்றன.

1996-ல் மூன்றாம் நிலை லீகில் இந்த அணி இறங்கியபோது, ஐரோப்பிய மேடை இதைவிட வெகுதூரத்தில் இருந்தது. அன்று காப்ஸ்கி இருந்தார். அவர் இடத்தில் இன்னொருவர் வருவாரா என்பதுதான் போரிசோவ் இப்போது காத்திருக்கும் பதில்.