மழைக்கு முன் மரக்கிளை வெட்டுவது எப்படி?

ஜூன் மாதம் பிறந்தால் மும்பையில் மழை கொட்டத் தொடங்கி விடும். அதற்கு முன்பே மரக்கிளை வெட்டும் வேலை தெருத் தெருவாக நடக்கும். குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் பலத்த காற்றில் கிளை முறிந்து விழக் கூடியவை.

கிளை கழிப்பது நல்லதுதான். ஆனால் மரம் ஏறத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, கையில் அரிவாளைக் கொடுத்து, "எல்லாவற்றையும் வெட்டி விடு" என்று சொல்வது மரத்துக்கும் ஆபத்து. ஏறுகிறவர் உயிருக்கும் ஆபத்து.

அனுமதி தேவை

மராட்டிய மாநிலத்தில் நகர்ப்புற மரங்களைப் பாதுகாக்க 1975-ம் ஆண்டிலேயே சட்டம் வந்து விட்டது. குடியிருப்பு வளாகத்துக்குள் நிற்கும் மரமானாலும், மாநகராட்சியிடம் மனு கொடுத்து அனுமதி பெற்ற பிறகே கிளைகளை வெட்ட வேண்டும்.

மூன்று வெட்டு

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், பாதி அறுபடும்போதே அது முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக் கொண்டு விழும். எனவே மூன்று முறை அறுக்க வேண்டும்.

முதல் வெட்டு, அடிமரத்தில் இருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில். மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும்.

இரண்டாவது வெட்டு, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக. கிளை விழுந்து விடும்.

மூன்றாவது வெட்டு, மிஞ்சிய கட்டைக்கு. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் தடித்திருக்கும். அதைத் தொடாமல், அதை ஒட்டி அறுக்க வேண்டும்.

வெட்டுக் காயத்தை மூடுவது அந்த மோதிரம்தான். அது சிதைந்தாலும், நீளமாகக் கட்டையை விட்டாலும் மரம் உள்ளே அழுகும். தாரோ பெயிண்டோ பூசினால் அழுகல் நிற்காது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்துக் கண்ட உண்மை இது.

மொட்டை அடிக்கலாமா?

கூடாது. மொட்டை அடித்த மரத்தில் புதுக்கிளைகள் வேகமாக வளரும். ஆனால் அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. சில ஆண்டுகளில் அவையே காற்றில் ஒடிந்து விழும். ஒரு தடவையில் மொத்தத் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது.

உயிர் பெரிது

மின்கம்பி அருகில் உள்ள கிளையைத் தொடவே கூடாது. பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும். மின்சாரத்தை நிறுத்த மின் நிறுவன ஊழியர்கள் வர வேண்டும்.

மரம் ஏறுகிறவருக்கு இடுப்புக் கயிறும், தலைக்கவசமும் வேண்டும். கீழே ஒருவர் நின்று, யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். மழை ஈரம் இருந்தால் வேலையைத் தள்ளிப் போட வேண்டும்.

கூலிக்கு ஏறுகிறவர் இவற்றைக் கேட்கத் தயங்கக் கூடாது. கொடுக்காவிட்டால் ஏற மறுப்பதே சரி. போன கூலியை மறுநாள் சம்பாதித்துக் கொள்ளலாம்.