கசியும் குழாயும் ஃபுளோரைடு அபாயமும்: தருமபுரி வீடுகள் அறிய வேண்டியவை

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு, குடிநீருக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி நிலத்தடி நீரில் காணப்படுகிறது. அந்நீரை நெடுங்காலம் பருகுவோருக்குப் பற்களில் கறை படிவதும், எலும்புகளும் மூட்டுகளும் விறைத்து வலிப்பதுமாக வரும் நோயே ஃபுளோரோசிஸ் எனப்படுகிறது. இதைக் குறைப்பதற்காகவே ஜப்பானின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவருகிறது. அந்நீர் வீட்டுக்குள் கசிந்து தீர்ந்துவிட்டால், குடும்பத்தார் குடிக்கவும் சமைக்கவும் மீண்டும் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரையே நாட நேர்கிறது என்பதால், கசிவைத் தடுப்பது இம்மாவட்டத்தில் உடல்நலம் காக்கும் செயலாகிறது.

கசிவு தரும் தீங்குகள்

வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கணக்கிட்டால், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீணாக்குகிறது. நீர் வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் குறையும்போது, வெடிப்பின் வழியே சாக்கடை நீர் உட்புகக்கூடும். இணைப்புக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது இந்த அபாயத்தைப் பெருக்குவதோடு விதிமீறலும் ஆகும். காவிரி நீரும் போர் தண்ணீரும் ஒரே குழாயமைப்பில் வரும் வீடுகளில், சரியாக மூடாத வால்வின் வழியே இரண்டும் கலந்துவிடலாம். நிறத்தாலோ சுவையாலோ ஃபுளோரைடை அறிய முடியாது என்பதோடு, கொதிக்கவைத்தல் கிருமிகளை அழிக்குமேயன்றி ஃபுளோரைடை நீக்காது என்பதால், குடிநீருக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைப்பதே பாதுகாப்பானது.

கண்டறிதலும் தடுத்தலும்

இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வை மூடிய பிறகும் மட்டம் இறங்கினால் தொட்டியிலும், வால்வு திறந்திருக்கும்போது மட்டும் இறங்கினால் குழாய், இணைப்பு, கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றில் ஒன்றிலும் கசிவு உள்ளது எனக் கொள்ளலாம். கழிப்பறைத் தொட்டியில் சிறிது வண்ணம் கலந்து, நீரைத் திறந்துவிடாமல் அரைமணி நேரம் காத்திருக்கையில், அவ்வண்ணம் பீங்கானில் தெரிந்தால் உள்ளே அடைப்பான் தேய்ந்துள்ளது. வெயிலில் நீண்டகாலம் கிடக்கும் பி.வி.சி. குழாய் நொறுங்கும் தன்மை அடைவதால் அதனை மூடிப் பதிப்பதும், தேய்ந்த வாஷரை உடனே மாற்றுவதும், தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் மிதவை வால்வை அவ்வப்போது சோதிப்பதும் பெரும்பாலான கசிவுகளைத் தடுக்கும்.

உரிமைகளும் தீர்வுகளும்

தூய நீர் பெறுவது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழும் உரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தெருக் குழாய் உடைந்தால் கிராமத்தில் ஊராட்சியிடமும், நகரத்தில் நகராட்சியிடமும் எழுத்தில் முறையிட்டு ஒப்புகை பெறலாம். பலன் இல்லையெனில் 1100 என்னும் முதலமைச்சர் உதவி எண்ணையும், ஆட்சியரகத்தில் திங்கள்தோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளையும், கிராம சபையையும் நாடலாம். வாடகை வீடுகளைப் பொறுத்தவரை, வேறு உடன்பாடு இல்லாதபோது, குழாய்களை மாற்றுவது உரிமையாளரின் பொறுப்பு என்றும், குழாய்த் திருகையும் வாஷரையும் மாற்றுவது வாடகைதாரரின் பொறுப்பு என்றும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பிரிக்கிறது. தரமற்ற குழாய்ப் பொருளை விற்றவர்மீது, ரசீது இருப்பின், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

ஊராட்சியின் முறையீட்டுப் பதிவேடு தெருவின் கசிவைக் காட்டும். வீட்டின் கசிவைக் காட்டுவது குடும்பத்தாரின் கவனம் மட்டுமே. பல ஆண்டு உழைப்பில் ஊருக்கு வந்த காவிரி நீர் பிள்ளைகளின் குவளையை எட்டுவதற்கு, இவ்விரண்டும் ஒருங்கே இயங்க வேண்டும்.