செம்மண் தோட்டத்தில் இருவகை இயந்திரம்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில், மாரி ஓய்ந்தபின் வெங்காயமும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. துலா மிதித்து இறைத்த காலம் போய், மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. மின்மோட்டருக்கு இறைப்புச் செலவு குறைவு. ஆயினும் கிணற்றடிவரை கம்பி இழுத்தாக வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்தையோ துவிச்சக்கர வண்டியில் வைத்து அடுத்த கிணற்றுக்குக் கொண்டு செல்லலாம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மோட்டர் வைத்திருந்தவரே கெட்டிக்காரர் என்று தோன்றும். ஆனால் அதே மாதம் மின்கட்டணமும் சராசரி 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். மிச்சம் எவ்வளவென்று முன்கூட்டிக் கணித்தவர் யார்?

சொந்தக் காணியுடையோர் மோட்டர் வைப்பதே நன்று என்போம். கிணறு எங்கும் ஓடிப்போகாது! குத்தகைக் கமக்காரரின் நிலை வேறு. மோட்டருக்கும் இணைப்புக்கும் இட்ட பணம் மீள நான்கு போகம் செல்லுமென வைத்துக்கொள்வோம். இரண்டாம் போகத்தோடு காணிக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால், மோட்டரைக் கழற்றலாம். இணைப்புக்கு இட்ட பணத்தைக் கழற்ற இயலுமா? அவர் எண்ணெய்க்கு மிகையாகக் கொடுப்பதில் ஒரு பங்கு, வேண்டியபோது இடம் மாறும் உரிமைக்கான விலையே. கணக்கறியாதவர் என அவரை நகையாடுவது தகாது. நாலைந்து போகத்துக்குக் குத்தகையை எழுத்தில் பெற்றாராயின், அவரும் துணிந்து மோட்டருக்கு மாறலாம்.