சி மொழியில் முதற்பாடம்: பெயர், இடம், பெறுமானம்

செய்நிரலாக்கம் பயிலப் புகும் மாணவர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மொழியின் இலக்கணத்தையே காரணமாகக் காட்டுவர். கட்டளையின் இறுதியில் அரைப்புள்ளி விடுபடுதல், அடைப்புக்குறி மூடப்படாதிருத்தல் போன்றவை இவ்வகையின. ஆனால் இவற்றைத் தொகுப்பான் உடனே சுட்டிக்காட்டிவிடும். சில கிழமைப் பயிற்சியில் அவை தாமாகவே குறைந்துவிடும். தொகுப்பான் யாதொரு குறையுங் கூறாது ஏற்றுக்கொண்ட செய்நிரல் பிழையான விடையைத் தரும்போதே மாணவர் உண்மையில் திகைக்கின்றனர். அத்தகைய பிழைகளை ஆராய்வோமாயின், அவற்றுட் பல ஒரே மூலத்தினின்று பிறப்பன என்பது புலனாகும். மாறியின் பெயர், அப்பெயர் குறிக்கும் நினைவக இடம், அவ்விடத்திற் பொதிந்துள்ள பெறுமானம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறியாமையே அம்மூலமாகும். இவ்வேறுபாட்டை முதற்பாடமாகக் கொண்டு சி மொழியைக் கற்பிக்குமாற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழி தோன்றிய சூழல்

சி மொழி அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டுக்கும் 1973ஆம் ஆண்டுக்கும் இடையில் உருப்பெற்றது. இதனை ஆக்கியவர் டெனிஸ் றிச்சி (1941 - 2011) ஆவார். மாட்டின் றிச்சட்ஸ் அமைத்த பிசிபிஎல் மொழியிலிருந்து கென் தொம்சன் பி என்னும் மொழியைச் சுருக்கி அமைத்தார். அதன் வழிவந்ததே சி. 1973ஆம் ஆண்டில் யுனிக்ஸ் இயக்க முறைமையின் கரு இம்மொழியில் மீள எழுதப்பட்டது. 1978ஆம் ஆண்டில் பிறையன் கேணிகனும் றிச்சியும் இணைந்து எழுதிய நூல் வெளியாயிற்று. 1989ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிர்ணயமும், அடுத்த ஆண்டிற் சர்வதேச நிர்ணயமும் கிடைத்தன.

இவ்வரலாற்றை மாணவர் மனனஞ் செய்யவேண்டியதில்லை. எனினும் இதிலிருந்து பெறத்தக்க ஓர் உண்மை உண்டு. யுனிக்ஸ் இயங்கிய முதலாவது பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே. அத்துணைச் சிறிய இடத்தில் இயக்க முறைமையையே எழுத முற்பட்டவருக்கு நினைவகத்தை மறைக்கும் மொழி பயன்படாது. அதனைத் திறந்து காட்டும் மொழியே வேண்டியிருந்தது. ஆகவே, நினைவகத்தைப் பற்றிக் கூறாமற் சி மொழியைக் கற்பிக்க முயலுதல் அம்மொழியின் இயல்புக்கே மாறானதாகும்.

சமக்குறியின் பொருள்

கணிதத்தில் 'க = க + 1' என்பது ஒருபோதும் உண்மையாகாத கூற்று. சி மொழியிலோ அது நாள்தோறும் எழுதப்படும் கட்டளை. (விளக்க வசதி கருதி இங்கு மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளே பெயராக இடப்பட்டுள்ளன.) பாடசாலையிற் பல ஆண்டுகளாகச் சமன்பாடுகளைத் தீர்த்துப் பழகிய மாணவர் இக்குறியைச் சமத்துவத்தின் குறியாகவே வாசிக்கின்றனர். அவர்களது முதல் தடுமாற்றம் இங்கேதான் நிகழ்கின்றது.

இக்கட்டளை ஒரு கூற்றன்று, ஒரு செயல். சமக்குறியின் வலப்புறத்திற் 'க' என்பது, அவ்விடத்தில் இப்போதுள்ள பெறுமானத்தைக் குறிக்கின்றது. இடப்புறத்திற் 'க' என்பது, புதிய பெறுமானத்தை எழுதவேண்டிய இடத்தைக் குறிக்கின்றது. ஒரே பெயர் நிற்குமிடத்திற்கேற்ப இருவேறு பொருள் தருகின்றதென்பதை மாணவர் உணர்ந்தாலன்றி மேலே செல்லுதல் பயனற்றது. அல்கோல், பிசிபிஎல் ஆகிய மொழிகள் இச்செயலுக்கு முக்காற்புள்ளியுடன் கூடிய சமக்குறியை வழங்கின. பி மொழியில் அது ஒற்றைச் சமக்குறியாகச் சுருங்கிற்று. அச்சுருக்கத்தைச் சி மொழியும் ஏற்றுக்கொண்டது. சமத்துவத்தை வினவுவதற்கு இரட்டைச் சமக்குறி வேண்டப்படுகின்றது.

இதன் விளைவு சிறிதன்று. 'க ஐந்துக்குச் சமமாயின்' என வினவ எண்ணிய மாணவர் ஒற்றைச் சமக்குறியை இடுவாராயின், கணினி வினவுவதில்லை. க என்னும் இடத்தில் ஐந்தை எழுதிவிடுகின்றது. ஐந்து பூச்சியமல்லாத பெறுமானமாதலின் நிபந்தனை எப்போதும் உண்மையெனவே கொள்ளப்படும். மொழியின் இலக்கணம் இதனைப் பிழையெனத் தள்ளுவதில்லை. எச்சரிக்கை விடுக்கும் தொகுப்பான்கள் உண்டாயினும் எச்சரிக்கையின் பொருளை உணர்வதற்கும் மேற்கூறிய அறிவே வேண்டும்.

பெட்டியன்று, பலகை

மாறியை ஒரு பெட்டியாக உவமித்துக் கற்பித்தல் பெருவழக்கு. ஆயினும் இவ்வுவமை ஓரிடத்தில் வழிதவறச் செய்கின்றது. பெட்டியிலிருந்து பொருளை எடுத்தாற் பெட்டி வெறுமையாகும். மாறியின் பெறுமானத்தை எடுத்தாளுவதால் அது வெறுமையாவதில்லை. எனவே, கரும்பலகையில் வரைந்த கட்டம் என்னும் உவமையே பொருத்தமானது. கட்டத்தில் எழுதியிருப்பதை எத்துணை முறையும் வாசிக்கலாம். புதிதாக எழுதும்போது மாத்திரம் பழையது அழிந்துபோகும்.

இரு மாறிகளின் பெறுமானங்களைத் தம்முள் மாற்றும் பயிற்சி இதனை நன்கு விளக்கும். கவில் 5உம், சவில் 8உம் இருப்பதாகக் கொள்வோம். மாணவர் பலர் முதலில் 'க = ச' எனவும், அடுத்து 'ச = க' எனவும் எழுதுவர். முதற் கட்டளை நிறைவேறியதும் கவிலிருந்த 5 அழிந்து அங்கு 8 எழுதப்படுகின்றது. இரண்டாவது கட்டளை அந்த 8ஐயே மீண்டும் சவில் எழுதுகின்றது. முடிவில் இரண்டிலும் 8 உள்ளது; 5 எங்குமில்லை. அழியுமுன் அதனைக் குறித்துவைக்க மூன்றாவது இடம் ஒன்று தேவை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். இதனைக் கணினியின் முன் அமர்ந்து செய்தலினும், தாளில் அட்டவணை வரைந்து ஒவ்வொரு கட்டளையின் பின்னும் ஒவ்வொரு மாறியின் பெறுமானத்தை எழுதிச் செல்லுதல் சிறந்தது.

பலகை உவமை பிறிதொரு பிழையையும் விளக்கும். சார்பொன்றினுள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்குத் தொடக்கப் பெறுமானம் கொடுக்காவிடின், அதிற் பூச்சியம் இருக்குமென எண்ணுதல் தவறு. பலகையை முன்பு பயன்படுத்தியவர் அழிக்காது விட்டுச் சென்ற எழுத்தைப் போன்று, அங்கு ஏதேனும் இருக்கலாம். கூட்டுத்தொகை காணும் செய்நிரல் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் பிழையாகவும் விடை தருவதற்கு இதுவே காரணமாதல் உண்டு.

இடத்தின் அளவும் வகையும்

ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் அளவும் ஒரு வகையும் உள. 16 பிட்டுகள் கொண்ட முழுவெண் மாறி -32768 முதல் 32767 வரையிலான எண்களையே கொள்ளும். 32 பிட்டுகள் கொண்டதன் மேலெல்லை 2147483647 ஆகும். வகையானது கணிப்பின் விளைவையும் மாற்றவல்லது. மூன்று பாடங்களில் 40, 39, 40 புள்ளிகள் பெற்ற மாணவன் ஒருவனின் சராசரியைக் காண்போம். கூட்டுத்தொகை 119, சராசரி 39.67 அளவில் அமையும். கிட்டிய முழுவெண்ணுக்கு மட்டந்தட்டி, 40 பெற்றோர் சித்தியடைந்தோர் எனக் கொள்வதாயின் அவன் சித்தியடைந்தவனே. ஆனால் முழுவெண்ணை முழுவெண்ணால் வகுக்கும்போது சி மொழி தசமப் பகுதியை வெட்டிவிடும், விடை 39. விடையை மிதக்கும் புள்ளி மாறியில் இட்டாலும் பயனில்லை; இடுவதற்கு முன்னரே தசமப் பகுதி இழக்கப்பட்டுவிட்டது. செய்நிரலில் எந்த வரியும் இலக்கணப் பிழையுடையதன்று. எனினும் மாணவனொருவன் தவறிவிட்டான்.

முகவரியின் தேவை

விசைப்பலகையிலிருந்து எண்ணொன்றை வாசிக்கும் 'ஸ்கான்எவ்' சார்பில் மாறியின் பெயருக்கு முன் '&' குறி இடவேண்டும்; எண்ணை அச்சிடும் 'பிறின்ற்எவ்' சார்பில் அது வேண்டியதில்லை. இதனை ஒரு விதியாக மனனஞ் செய்விப்பதே பல வகுப்புகளின் வழக்கம். மேற்கூறியவற்றை அறிந்த மாணவருக்கோ இது தானே விளங்கும். அச்சிடுவதற்குப் பெறுமானம் தெரிந்தாற் போதும். வாசித்ததை எழுதிவைப்பதற்கோ எங்கு எழுதுவது என்பது தெரியவேண்டும். '&' குறி அந்த இடத்தின் முகவரியைத் தருகின்றது.

சி மொழியிற் சார்புக்குக் கொடுக்கப்படுவது பெறுமானத்தின் பிரதியே. ஆகவே, இரு மாறிகளை மாற்றும் சார்பொன்றுக்குக், சஆகியவற்றின் பெறுமானங்களை அனுப்பினால், சார்பினுள் பிரதிகள் மாத்திரமே மாறும். மூல மாறிகள் இருந்தவாறே இருக்கும். முகவரிகளை அனுப்பினாலே மூலத்தை மாற்ற முடியும். முகவரியைத் தாங்கும் மாறியே சுட்டி எனப்படுவது. மாணவர் அஞ்சும் சுட்டி, உண்மையில் முதல் நாளிற் கற்ற இடம் என்னும் கருத்தின் நீட்சியேயன்றிப் புதியதொன்றன்று.

அணியும் எல்லையும்

ஒரே வகையான இடங்கள் பல அடுத்தடுத்து அமைந்திருப்பின் அஃது அணி ஆகும். ஐந்து உறுப்புகளையுடைய அணியின் சுட்டெண்கள் 0 முதல் 4 வரை செல்லும். ஏன் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை என மாணவர் வினவுவர். சுட்டெண் என்பது வரிசை எண்ணன்று, தொடக்கத்திலிருந்துள்ள தூரம். முகவரி 1000இல் தொடங்கும் அணியில் ஒவ்வோர் உறுப்பும் 4 பைற்று எனின், முதலுறுப்பு தொடக்கத்திலேயே உள்ளது. அதன் தூரம் பூச்சியம். சுட்டெண் 3 உடையது 1012இல் உள்ளது.

சுட்டெண் 5இல் எழுதுமாறு கட்டளையிட்டால் மொழி தடுப்பதில்லை. அணிக்கு அப்பாலுள்ள இடம் வேறொரு மாறிக்குரியதாயின் அது அழிந்துபோகலாம். இது வகுப்பறைக்குள் அடங்கும் பிழையன்று. 1988ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், பின்னர் மொரிஸ் புழு எனப் பெயர் பெற்ற செய்நிரலொன்று இணைய வலையமைப்பில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடங்கச் செய்தது. அது பரவிய வழிகளுள் ஒன்று, 512 பைற்று அளவுடைய அணியொன்றிற் 'கெற்ஸ்' என்னும் நூலகச் சார்பைக் கொண்டு எல்லை பாராது உள்ளீட்டை எழுதிய செய்நிரலாகும். அச்சார்பு 2011ஆம் ஆண்டின் நிர்ணயத்திலேதான் மொழியிலிருந்து நீக்கப்பட்டது.

தமிழ் எழுத்தும் பைற்றும்

தமிழ் மாணவருக்கு இவ்வெல்லைப் பாடத்தைத் தம் மொழியைக் கொண்டே உணர்த்தலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என வினவினால் மூன்று என்பர். நம் இலக்கண மரபின்படி அதுவே சரி. அச்சொல்லை யூரிஎவ்-8 குறிமுறையில் சேமித்து, சரத்தின் நீளத்தைக் கூறும் நூலகச் சார்பிடம் கேட்டால் 15 என விடை வரும். யூனிக்கோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைற்று. சரத்தின் முடிவைக் காட்டும் பூச்சியத்துடன் 16 பைற்று இடம் வேண்டும். மூன்றெழுத்துக்கும் முடிவுக்குமென நான்கு பைற்று ஒதுக்கியவர், அச்சொல்லை அங்குப் பிரதி செய்யும்போது தமக்குரித்தல்லாத 12 பைற்றுகளின் மேல் எழுதிவிடுகின்றார். 1992ஆம் ஆண்டில் றொப் பைக் என்பவருடன் சேர்ந்து இக்குறிமுறையை அமைத்தவரும், முன்னர்க் குறிப்பிட்ட கென் தொம்சனே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கற்பிக்கும் ஒழுங்கு

நினைவகத்தைப் பெரிதும் மறைத்துவிடும் பைதன் போன்ற மொழிகளில் தொடங்குதலே எளிதென வாதிப்போர் உளர். விரைவில் ஒரு பயனைக் காண விரும்புவோருக்கு அவ்வாதம் பொருந்தும். ஆனால் சி மொழியைத் தெரிந்துகொண்டபின், அதன் இயல்பை மறைத்துக் கற்பித்தல் இரு பயனையும் இழப்பதாகும். முதலிற் பலகைக் கட்டமும் சமக்குறியும், அடுத்து வகையும் அளவும், பின்னர் நிபந்தனையும் மீள்செய்கையும், அதன்பின் சார்பும் முகவரியும், இறுதியில் அணியும் சரமும் என்ற ஒழுங்கு இயல்பானது. ஒவ்வொரு படியிலும், செய்நிரலை இயக்குமுன் அதன் விடையைத் தாளில் எழுதுமாறு மாணவரைப் பணித்தல் வேண்டும். கணினியின் விடையும் தாளின் விடையும் வேறுபடும் இடத்திலேதான் கற்றல் நிகழ்கின்றது.

பிறர் எழுதிய செய்நிரலை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் மாணவர் அதே செய்நிரலை மீண்டும் எழுதவல்லார். அது பிழைத்தவிடத்து ஏன் பிழைத்தது எனக் கூறவல்லாரல்லர். ஒவ்வொரு கட்டளையின் பின்னும் எந்த இடத்தில் எது எழுதப்பட்டுள்ளது எனச் சொல்லக்கூடியவரோ, தாம் முன்பு கண்டிராத செய்நிரலையும் வாசித்தறிவர். இவ்விரு திறத்தாருள் எவரை உருவாக்குகின்றோம் என்பது பெரும்பாலும் முதற்பாடத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.