புனித வெள்ளி: நாள்காட்டியில் மட்டும்தானா விடுமுறை?

புதுதில்லி: மத்திய அரசு அலுவலகங்களுக்கான கட்டாய விடுமுறைப் பட்டியலில் கிறிஸ்தவர்களுக்குரிய நாள்கள் இரண்டு. ஒன்று கிறிஸ்துமஸ், மற்றொன்று இயேசு கிறிஸ்து சிலுவையில் உயிர்நீத்ததை நினைவுகூரும் புனித வெள்ளி. விடுமுறைக்குப் பஞ்சமில்லை. ஆனால், அதை அனுசரிக்க விடுவதில்தான் அவ்வப்போது சிக்கல் எழுகிறது.

வாழ்த்துச் சொல்லி மகிழும் நாளல்ல இது. தில்லி கோல் டாக்கானா திரு இருதயப் பேராலயம் உள்ளிட்ட கத்தோலிக்க ஆலயங்களில் அன்று மணி ஒலிப்பதில்லை, பீடத்தில் விரிப்புகூட இருக்காது, திருப்பலியும் கிடையாது. பிற்பகலில் பாடுகளின் வாசகமும் சிலுவை வணக்கமும் நடைபெறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தலைநகரில் கிறிஸ்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுற்றிலும் வாகன இரைச்சல் ஓயாத நகரில், மௌனமே இவர்களது வழிபாடு.

நீதிபதியின் கடிதம்

2015-இல் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளின் மாநாடு, புனித வெள்ளியான ஏப்ரல் 3-ஆம் தேதி தில்லியில் தொடங்கியது. தீபாவளி, தசரா, ஈத் நாள்களில் இத்தகைய நிகழ்ச்சிகள் வைக்கப்படுவதில்லையே என்று உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் கடிதம் எழுதினார்; பிரதமரின் விருந்துக்கும் வர இயலாது எனத் தெரிவித்தார். நிறுவனத்தின் நலன் முக்கியமா, தனிநபர் நலன் முக்கியமா என்று வினவினார் அப்போதைய தலைமை நீதிபதி எச்.எல். தத்து. மாநாடு திட்டமிட்டபடியே நடந்தது.

2019 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 18, பெரிய வியாழன். தேதியை மாற்றக் கோரிய கிறிஸ்தவ அமைப்புகளுக்கு நீதிமன்றங்களில் நிவாரணம் கிடைக்கவில்லை. அதே நாளில் சித்திரைத் திருவிழா நடந்த மதுரையில் வாக்குப்பதிவு நேரம் இரண்டு மணி நேரம் நீட்டிக்கப்பட்டது. மனமிருந்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே சான்று.

அதே ஆண்டில் தாத்ரா - நாகர் ஹவேலி, டாமன் - டையூ நிர்வாகங்கள் புனித வெள்ளியைப் பொது விடுமுறையிலிருந்து நீக்கின. மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை மீட்டுத் தந்தது. 2024-இல் புனித வெள்ளி மார்ச் 29-இல் வந்தது. நிதியாண்டு முடிவைக் காரணம் காட்டி, அன்று முதல் ஈஸ்டர் ஞாயிறு வரை மூன்று நாளும் வருமான வரி அலுவலகங்கள் திறந்திருக்க உத்தரவிடப்பட்டது.

தெருவிலும் தடை

2025 குருத்தோலை ஞாயிறன்று, பழைய தில்லி புனித மரியன்னை ஆலயத்திலிருந்து திரு இருதயப் பேராலயத்துக்குச் செல்லவிருந்த சிலுவைப் பாதை ஊர்வலத்துக்குச் சட்டம் - ஒழுங்கு, போக்குவரத்துக் காரணங்களைக் கூறி காவல் துறை அனுமதி மறுத்தது. பிரார்த்தனை பேராலய வளாகத்துக்குள்ளேயே முடிந்தது.

இத்தகைய மோதலுக்குக் காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. புனித வெள்ளி மார்ச் 20-க்கும் ஏப்ரல் 23-க்கும் இடையே ஏதேனும் ஒரு தேதியில் வரும். வரி வசூலும் தேர்தலும் சூடுபிடிக்கும் பருவம் அது. வார இறுதியோடு சேர்ந்து வருவதால், பணி நாள்களை இழக்காமல் மாநாடு நடத்தவும் வசதியாகிவிடுகிறது.

அரசு விடுமுறையின் பயன் அரசு ஊழியர்களோடு நின்றுவிடுகிறது என்பது இன்னொரு புறம். மருத்துவமனைகளில் இரவு பகலாகப் பணிபுரியும் கேரளச் செவிலியருக்கும், ஜார்க்கண்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பழங்குடிப் பெண்களுக்கும் அந்தப் பிற்பகலில் சில மணி நேரம் கிடைப்பது பணியளிப்போரின் தயவைப் பொறுத்தது. மேலே இருப்பவர்களே அந்த நாளை மதிக்காதபோது, கீழே இருப்பவர்கள் விடுப்புக் கேட்கத் தயங்குவது இயல்பே.

புனித வெள்ளி எந்தத் தேதியில் வரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். எனவே, தெரியாமல் நேர்ந்துவிட்டது என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.