காத்து அடிச்சாச்சு, கரன்ட்டும் வித்தாச்சு... காசு எந்த வருஷக் கணக்கு? கயத்தாறு காற்றாலைகளைக் குழப்பிய கொரோனா கணக்கு

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில், கயத்தாறு நெருங்கும்போதே இரண்டு பக்கமும் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்துவிடும். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்பது பாடப்புத்தக அடையாளம். மின்துறைக்காரர்களுக்கு இந்த ஊர் வேறு மாதிரி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய காற்று சக்தி நிறுவனத்தின் காற்றாலை சோதனை நிலையம் இங்கேதான் இருக்கிறது. கரிசல் காட்டில் உளுந்தும் பருத்தியும் ஒரு பக்கம் விளைய, மேலே காற்று 'அறுவடை' ஆகிறது.

அந்த அறுவடைக்கு ஒரு சீசன் உண்டு. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள். ஒரு வருடத்தின் உற்பத்தியில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். 2020-ல் அந்த சீசனுக்கு வாசலில் வந்து நின்றது கொரோனா.

இறக்கைக்கு ஊரடங்கு தெரியாது, அது சுற்றியது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊரடங்கிலும் முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசும் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் தெளிவுபடுத்தியது. அப்புறம் என்ன பிரச்னை? பிரச்னை கணக்குப் புத்தகத்தில்.

மார்ச் 31-க்கு ஒரு வாரம் முன்பு

இந்திய நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 25. அதாவது கணக்கை மூட சரியாக ஒரு வாரம் இருக்கும்போது உலகமே மாறிவிட்டது.

இது சின்ன விஷயம் இல்லை. கணக்கியலில் ஒரு விதி இருக்கிறது: ஆண்டு முடிந்த நாளில் ஏற்கெனவே இருந்த ஒரு நிலைமையைப் பற்றி பின்னால் தகவல் வந்தால், அந்த ஆண்டுக் கணக்கையே திருத்த வேண்டும். நிலைமையே ஆண்டு முடிந்த பிறகுதான் உருவானது என்றால் எண்களைத் தொட வேண்டாம், குறிப்பில் எழுதினால் போதும். டிசம்பர் 31-ல் கணக்கு மூடும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இது வசதியாகப் போனது. 2019 டிசம்பர் 31-ல் கொரோனா என்ற பெயரே யாருக்கும் தெரியாது. எனவே 2019 கணக்கு தப்பித்தது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11-ல். இந்தியக் கணக்குகளுக்கு அந்த ஓட்டை கிடைக்கவில்லை. வரவேண்டிய கடன் வருமா, சொத்தின் மதிப்பு நிற்குமா, கம்பெனி அடுத்த வருடம் இருக்குமா... எல்லாவற்றுக்கும் மார்ச் 31 தேதியிட்டு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனமான ஐசிஏஐ 2020 மார்ச்சிலேயே இதற்காக ஓர் ஆலோசனைக் கையேட்டை வெளியிட்டது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் கொரோனா பாதிப்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று செபி மே 20-ல் சுற்றறிக்கை விட்டது.

மில் மூடினால் காற்றாலைக்கு என்ன?

தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பல, மின்வாரியத்துக்கு விற்பவை அல்ல. கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகள் தங்கள் சொந்த உபயோகத்துக்காக இந்தப் பக்கம் ஆலை நிறுத்தியிருக்கின்றன, அல்லது பங்கு வைத்திருக்கின்றன. சீசனில் உபரியாக வரும் யூனிட்டுகளை மின்வாரியத்திடம் 'பேங்கிங்' செய்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வார்கள். சேமிப்புக் கணக்கு மாதிரிதான். ஆனால் அந்தச் சேமிப்பு மார்ச் 31-ல் காலாவதி ஆகும். மிச்சமிருந்தால், கொள்முதல் விலையில் 75 சதவீதம் கணக்கிட்டு வாரியம் பணம் தர வேண்டும்.

இப்போது 2020 மார்ச் கடைசி வாரத்தை யோசித்துப் பாருங்கள். மில்கள் பூட்டு. எடுக்க வேண்டிய யூனிட்டை எடுக்க ஆள் இல்லை. முழு மதிப்புள்ள ஒரு யூனிட் எந்தத் தவறும் செய்யாமல் முக்கால் மதிப்பாகிறது. அந்த முக்காலும் எப்போது கைக்கு வரும் என்பது அடுத்த கேள்வி.

'வரவேண்டியது' வேறு, 'வரும்' வேறு

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. டான்ஜெட்கோ (இப்போது பெயரும் அமைப்பும் மாறிவிட்டது, மக்களுக்கு எப்போதும் 'ஈபி'தான்) காற்றாலைகளுக்குத் தர வேண்டிய பாக்கி மாதக்கணக்கில் இழுப்பது கொரோனாவுக்கு முன்பே பழகிய கதை. ஊரடங்கில் ஆலைகளும் கடைகளும் மூடியதால் வாரியத்தின் நல்ல வருமானமே சுருங்கியது. மின் விநியோக நிறுவனங்களுக்கு 90,000 கோடி ரூபாய் பணப்புழக்க உதவியை மத்திய அரசு 2020 மே 13-ல் அறிவித்ததற்குக் காரணமே, நாடு முழுக்க உற்பத்தியாளர்களுக்கான பாக்கி மலையாகக் குவிந்ததுதான்.

சாதாரணமாக யோசித்தால், அரசு நிறுவனம்தானே, லேட்டானாலும் பணம் வந்துவிடும், இதில் நஷ்டம் எங்கே? 'இண்ட் ஏஎஸ் 109' என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை அப்படிப் பார்ப்பதில்லை. முழுப்பணமும் வந்தாலும், தாமதமாக வந்தால் அதுவும் ஒரு இழப்புதான் என்கிறது. 'எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு' என்று இதற்குப் பெயர்.

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். ஒரு காற்றாலைக்கு வாரியம் 1 கோடி ரூபாய் தர வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து வட்டியில்லாமல் தரும் என்று வையுங்கள். 10 சதவீத வட்டியில் கழித்தால் அந்தக் கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 86.7 லட்சம். மீதி 13 லட்சத்துக்கு மேல் இந்த வருட லாபத்தில் வெட்டு விழும். 'ஒன்றரை வருடம்' என்று நிறுவனம் எடுத்தது 'ஒரு வருடம்' என்று மாறினால், வெட்டு 9 லட்சமாகக் குறையும். ஒரே காற்றாலை, ஒரே கரன்ட், ஒரே பாக்கி. நிர்வாகம் என்ன ஊகிக்கிறது என்பதை வைத்து லாபம் மாறுகிறது. கொரோனா காலத்து ஆண்டறிக்கைகளில் 'மதிப்பீடுகளில் நிச்சயமின்மை' என்று ஒரு பத்தி சொல்லிவைத்த மாதிரி எல்லோரிடமும் இருந்ததே, அதன் அர்த்தம் இதுதான். பல நிறுவனங்கள் அதைக் காப்பி-பேஸ்ட் வாசகமாக முடித்துக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு திருத்தம்: இந்தத் தரநிலை பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், 250 கோடி ரூபாய் நிகர மதிப்பைத் தாண்டிய நிறுவனங்களுக்கும்தான். ஒரே ஒரு காற்றாலை வைத்திருக்கும் சின்ன கம்பெனிக்கு பழைய தரநிலைகளே. அவர்கள் புத்தகத்தில் அந்த 1 கோடி, முழுசாக 1 கோடியாகவே உட்கார்ந்திருக்கலாம். பேங்க் மேனேஜர் அதை நம்பினால் சரி.

இந்தக் கணக்கு வெறும் தியரி இல்லை என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு ஜூன் 3-ல் வந்த தாமதக் கட்டண விதிகள், பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணையில் கட்ட விநியோக நிறுவனங்களை அனுமதித்தன. தவணை தவறாமல் கட்டினால் கூடுதல் தாமதக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. அதே 10 சதவீதத்தில், 48 சமத் தவணையில் வரும் 1 கோடியின் மதிப்பு ஏறக்குறைய 82 லட்சம். பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது நல்ல செய்தி, ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதே செய்தி நஷ்டமாகவும் விழும். விசித்திரம்தான்.

சான்றிதழ் கையில், சந்தை பூட்டில்

சில காற்றாலைகளுக்கு இன்னொரு வருமானம் உண்டு: புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ், சுருக்கமாக 'ஆர்இசி'. இதன் குறைந்தபட்ச விலையை 2017-ல் 1,500 ரூபாயிலிருந்து 1,000 ஆகக் குறைத்த மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2020 ஜூனில் பூஜ்யமாக்கியது. வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போனது. 2020 ஜூலையில் நின்ற வர்த்தகம் 2021 நவம்பரில்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் ஒரு வருடத்துக்கும் மேலாக, கையிலிருக்கும் சான்றிதழுக்கு என்ன விலை போடுவது? விற்கும்போது மட்டும் வருமானம் காட்டுவது ஒரு கொள்கை, உற்பத்தியானதுமே மதிப்புப் போடுவது இன்னொரு கொள்கை. முதல் வகைக்காரர்களுக்கு வருமானம் காணாமல் போனது. இரண்டாம் வகைக்காரர்களுக்குத் தூக்கம் காணாமல் போனது.

ராயல்டி கம்பெனி என்றால்?

உலகில் இன்னொரு வகை முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சுரங்கமும் தோண்டுவதில்லை, காற்றாலையும் ஓட்டுவதில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு, வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாக வாங்கிக்கொள்வார்கள். கனடாவின் ஆல்டியஸ் மினரல்ஸ் அப்படி ஒன்று. நிலக்கரி, பொட்டாஷ், தாமிரம் என்று ராயல்டி வாங்கிய கம்பெனி, அமெரிக்கக் காற்றாலை, சூரிய மின் திட்டங்களிலும் ராயல்டி வாங்க இறங்கியது. 2020 மார்ச்சில் வேல் நிறுவனம் வாய்சீஸ் பே நிக்கல் சுரங்கத்தைக் கொரோனாவால் தற்காலிகமாக நிறுத்தியபோது, அதில் ராயல்டி பங்கு வைத்திருந்த ஆல்டியஸ் வேடிக்கை மட்டுமே பார்க்க முடிந்தது. சுரங்கத்தைத் திறப்பதும் மூடுவதும் அடுத்தவர் கையில். பாக்கிக்காக ஈபியைப் பார்த்துக் காத்திருக்கும் கயத்தாறு முதலீட்டாளருக்கு இந்த உணர்வு நன்றாகவே புரியும்.

நம்மூரில் ராயல்டி என்றால் பெரும்பாலும் அரசுக்குப் போவது. கயத்தாறுக்குத் தெற்கே, அதே சாலையில் இருக்கும் தாழையூத்து சங்கர்நகர் சிமென்ட் ஆலை இந்தியா சிமென்ட்ஸுடையது. அந்த நிறுவனம் தமிழக அரசோடு நடத்திய சுண்ணாம்புக்கல் வழக்கில்தான் ராயல்டியும் வரியே என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் 9 நீதிபதிகள் அமர்வு, இல்லை, அது வரி அல்ல என்று மாற்றியது.

இறக்கைக்கு எத்தனை வயசு?

கடைசியாக ஒரு எண்: 22. கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை காற்றாலைக்குத் தரும் ஆயுள் 22 வருடம். நூறு ரூபாய்ச் சொத்தை அத்தனை வருடத்தில் பிரித்துத் தேய்மானமாகக் கழிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் நிலைமை வேறு. 2017 ஏப்ரலுக்கு முன், சில இடைவெளிகள் தவிர, 80 சதவீதம் வரை வேகத் தேய்மானம் கிடைத்தது. வரி மிச்சம் பிடிக்கவே காற்றாலை வாங்கியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். ஒரே மெஷினுக்கு இரண்டு வயது.

கொரோனா காலத்தில் ஆடிட்டர்கள் கேட்ட கடினமான கேள்வியும் இதைச் சுற்றியதே. மீதமுள்ள வருடங்களில் இந்த ஆலை கொண்டுவரும் பணம், புத்தகத்தில் இருக்கும் மதிப்பைத் தாண்டுமா? தாண்டாவிட்டால் மதிப்பைக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத் தேவை காற்றின் வேகம், விலை, பாக்கி வரும் காலம். இதில் காற்றை மட்டும்தான் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.

இப்போது அந்த 22-ம் கேள்விக்குறி ஆகியிருக்கிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க, மாற்ற, ஆயுளை நீட்டிக்க 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. கயத்தாறு பக்கம் குட்டைக் கோபுரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களின் உரிமையாளர்கள், புத்தகத்தில் ஏற்கெனவே பூஜ்யத்தைத் தொடும் சொத்துக்கு எத்தனை வருடம் மிச்சம் என்று மறுபடி எழுதியாக வேண்டும்.